யாரும் விதைக்காத அரிசியும் ஒரு பரங்கிக்காயும்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொல்லி நீங்கள் கேட்பதைவிட அது எனக்குக் கௌரவம். வில்லியனூரில் எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக மளிகைக் கடை நடத்துகிறது. கடையில் பதினான்கு வகை அரிசி இருக்கிறது. அந்தத் தைரியத்தில் ஒரு மாதப் பத்திரிகைக்குச் சமையல் குறிப்பும் எழுதி வருகிறேன். ஆவணி மாதம் பத்திரிகைக்காரர் ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையைப் பார்த்துவிட்டு, இலையுதிர்காலச் சமையல் என்று ஒன்று எழுதிக் கொடுங்கள் என்றார். எங்கள் பக்கத்தில் இலை உதிர்வது புயல் அடித்தால்தான். அப்போது இலையோடு கிளையும், கிளையோடு மின்கம்பமும் சேர்ந்தே உதிரும். ஆனாலும் எழுதினேன். பரங்கிக்காயும் காட்டரிசியும் சேர்த்து ஒரு காரச் சமையல். காட்டரிசி என்பது தண்ணீரில் தானாக முளைக்கும் அரிசி, நம் நாட்டில் அது கிடையாது, விமானத்தில்தான் வரவேண்டும், கால் கிலோ அறுநூற்று ஐம்பது ரூபாய் என்று விளக்கம் வேறு. அந்தப் பாக்கெட்டைப் பிடித்தபடி ஒரு புகைப்படமும் போட்டுக்கொண்டேன். படத்தில் பாக்கெட் தலைகீழாக இருந்தது.

பத்திரிகை வெளிவந்து சில நாளில் ஒரு தொலைபேசி. பெண் குரல். வணக்கம் எதுவும் இல்லை.

"எங்க பாகூர் ஏரில அது தானா மொளச்சிக் கெடக்குது சார். புரட்டாசி அமாவாசைக்கு மொத நாளு வாங்க. வெயில் ஏறிட்டா ஒண்ணும் மிஞ்சாது."

அவ்வளவுதான், வைத்துவிட்டார். மூன்று தலைமுறை அரிசி வியாபாரத்தை மூன்று வாக்கியத்தில் சாய்த்த அந்தப் பெண்ணின் பெயர் அமுதா என்பதே நான் திரும்ப அழைத்துக் கேட்டபோதுதான் தெரிந்தது.

அமாவாசைக்கு முதல் நாள் காலை ஐந்து பத்துக்கு வில்லியனூரில் பேருந்து ஏறினேன். பாகூருக்குப் பதினேழு கிலோமீட்டர். டிக்கெட் பதினைந்து ரூபாய். கையில் ஒரு தூக்குவாளி, அஞ்சறைப்பெட்டி, என் சொந்தக் கரண்டி. நான் போன வெளிநாடுகள் எதுவுமில்லை என்பதால், எந்த ஊருக்குப் போனாலும் கடல் தாண்டுகிறவன் மாதிரிதான் மூட்டை கட்டுவேன். நடத்துநர் கரண்டியைப் பார்த்துவிட்டு, "இன்னா சார், கல்யாண ஆர்டரா?" என்றார். இல்லையப்பா, ஏரி நெல் எடுக்கப் போகிறேன் என்றேன். மீதிச் சில்லறையை எடுத்துக்கொண்டிருந்த அவர் கை நின்றது. "நாளைக்கு அமாவாசை. யாருக்கு?" என்று கேட்டார். பத்திரிகைக்கு என்றேன். சில்லறையை என் கையில் போட்டுவிட்டுப் பின்படிக்குப் போய்விட்டார். முன்வரிசையில் இருந்த ஒருவர் மட்டும் திரும்பி என்னை நன்றாக ஒருமுறை பார்த்துவிட்டு, மறுபடி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

முந்தின நாள் மழை பெய்திருந்தது. கரிக்கலாம்பாக்கம் தாண்டியதும் கரும்புத் தோட்டங்களின் மேல் வெள்ளையாக ஏதோ ஒன்று படுத்திருந்தது. பனி என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

ஐந்து ஐம்பத்தைந்துக்குப் பாகூர். டீக்கடை ஒன்றுதான் திறந்திருந்தது. அங்கிருந்து ஏரிக்கரை ஓரத்துக் குடியிருப்புக்கு ஆட்டோ, அறுபது ரூபாய். ஓட்டுநர் நல்ல கலகலப்பான மனிதர். அவர் மச்சானுக்குச் சர்க்கரை நோய் வந்த கதையை முழுவதும் சொல்லி முடித்துவிட்டு, யார் வீட்டுக்கு என்று கேட்டார். அமுதா வீடு என்றேன். வண்டியின் வேகம் குறைந்தது.

"அவங்க வூட்டுக்காரரு வந்துட்டாரா சார்?"

எனக்கு என்ன தெரியும்? தெரியாததற்குத் தெரிந்த மாதிரி பதில் சொல்வது எங்கள் கடையில் பரம்பரை வழக்கம். வந்திருப்பாரே, அறுப்பு நேரம் அல்லவா என்றேன். அவர் கரைக்கு நூறு அடி முன்பாகவே வண்டியை நிறுத்தி, இனிமேல் நடந்துவிடுங்கள் என்றார். நூறு ரூபாய்த் தாளைக் கொடுத்தேன். மீதி நாற்பதைக் கொடுக்காமலே போய்விட்டார். ஏமாற்றினார் என்று நினைக்காதீர்கள். சட்டைப்பையில் கைவிட்டுத் தேடுகிற அளவுக்கு அங்கே நிற்க அவருக்கு மனமில்லை.

கரைமேல் இரண்டு பேர் இருந்தார்கள். அமுதாவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். நெற்றியில் பெரிய குங்குமம், விடியற்காலையிலேயே தலையில் பூ. பக்கத்தில் அவர் கணவரின் தம்பி தணிகாசலம். நெல்லும் கரும்பும் பயிரிடுகிறவர், உயரமானவர், சிரித்தால் முகமே மாறிவிடும். நான் வந்ததும் முதலில் என் வயிற்றைப் பார்த்தார், பிறகு தண்ணீரில் கிடந்த மிதவையைப் பார்த்தார். லாரி டியூப் நான்கைச் சேர்த்து மேலே பலகை கட்டியது. நான் ஒரு ஓரத்தில் உட்கார்ந்தேன். அந்த ஓரம் முழுகியது.

"நடுவுல குந்துங்க சார். டியூப்பு பரவால்ல, ஏரி கவுந்துடப் போவுது."

அமுதா வரவில்லை. கரையிலேயே நின்றுகொண்டார். அவர் தண்ணீரில் கால் வைப்பதில்லையாம். ஏன் என்று கேட்க வாயெடுத்தேன். தணிகாசலம் கழியை ஊன்றித் தள்ளிவிட்டார்.

ஏரி நடுப்பக்கம் போகப் போக ஒரு சத்தம் கேட்டது. யாரோ நீளமான கூந்தலைச் சீப்பால் மெதுவாகச் சீவுகிற சத்தம். அதற்கு நடுவே மழைத் தூறல் விழுகிற மாதிரி பொட்டுப் பொட்டென்று இன்னொன்று. அண்ணாந்து பார்த்தேன், வானம் சுத்தமாக இருந்தது. தணிகாசலம் சொன்னார்: இந்த நெல் முற்றியதும் கதிரில் நிற்காது, தொட்டாலும் தொடாவிட்டாலும் தானாக உதிர்ந்து தண்ணீருக்குள் போய்விடும். அதுதான் தூறல். கதிரில் சாண் நீளத்துக்கு மீசை மாதிரி கூர் இருக்கிறது; ஒன்றோடொன்று உரசுவதுதான் தலை சீவுகிற சத்தம். விளக்கம் தெரிந்த பிறகும் அந்தச் சத்தத்தைக் கேட்க நன்றாக இல்லை.

யாரும் விதைக்காத, யாரும் நாற்று நடாத நெல்லை எப்படிப் பிடிப்பது? முற்றுவதற்குப் பத்து நாள் முன்பே வந்து, நாலைந்து தூர்களின் கதிர்களை ஒன்றாகச் சேர்த்து வாழைநாரால் கட்டிவிடுகிறார்கள். கட்டின கதிர் உதிர்ந்தாலும் மணி மீசைகளுக்குள் சிக்கி நிற்கிறது. விடியற்காலையில் பனி ஈரத்தோடு போய், கட்டுக்குக் கீழே கூடையைப் பிடித்து, அவிழ்த்துத் தட்ட வேண்டும். இரைச்சல் கூடாது. தணிகாசலம் தட்ட, நான் கூடை பிடித்தேன். பிடித்த ஐந்தாவது நிமிடம் என் சட்டைக் கைக்குள் ஏதோ ஏறியது. பூச்சி என்று உதறினேன். இன்னும் மேலே ஏறியது. அந்த மீசையில் ஒரே பக்கம் பார்த்த முள் இருக்கிறது. நாம் அசைய அசைய அது முன்னால்தான் போகும், பின்னால் வராது. தோள்வரைக்கும் வந்துவிட்ட ஒரு நெல்லைச் சட்டையைக் கழற்றித்தான் எடுத்தேன். ஐம்பத்திரண்டு வயதில், ஏரி நடுவில், வெற்றுடம்போடு, ஒரு நெல்லுக்குப் பயந்து.

மொத்தம் நாற்பது கட்டுகள் கட்டியதாகத் தணிகாசலம் சொல்லியிருந்தார். நான் சும்மா இருக்காமல் எண்ணிக்கொண்டே வந்தேன். நாற்பது தட்டியாயிற்று. அவர் மிதவையைத் திருப்பினார். அங்கே, சம்புக் கோரை மறைவில் இன்னொரு கட்டு இருந்தது. நாற்பத்தொன்று என்றேன்.

அவர் பார்த்தார். அந்தக் கட்டில் வாழைநார் இல்லை. நெல்லின் சொந்த இலையையே முறுக்கி முடிந்திருந்தது. முடிச்சு பச்சையாக இருந்தது.

"அத வுடுங்க சார்" என்றார். குரலில் சிரிப்பு போயிருந்தது. யார் கட்டியது என்று கேட்டேன். கழியை ஊன்றி மிதவையை நன்றாகத் தள்ளிக்கொண்டு வந்த பிறகுதான் பதில் சொன்னார். "எங்கண்ணன் நாரு எடுத்தாரமாட்டான். எலையிலயே முடிவான். அண்ணிகிட்ட சொல்லாதீங்க."

திரும்பி வருகிற வழியில் மெல்லிய குரலில் மிச்சத்தைச் சொன்னார். ஒன்பது வருடத்துக்கு முன்பு, இதே மாதம், அமுதாவின் கணவர் தேவராசு தனியாக இந்த நெல்லை எடுக்க வந்தார். ஒன்பது மணி சுமாருக்கு மிதவை மட்டும் மதகோரம் வந்து நின்றது. அதில் கூடை. கூடை நிறைய நெல்; ஒரு மணி சிந்தவில்லை. செருப்பு கரையில் இருந்தது. நான்கு நாள் ஆட்களை விட்டு முழுகிப் பார்த்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. அவருக்கு நன்றாக நீந்தத் தெரியும். கோபித்துக்கொண்டு எங்காவது போய்விட்டார் என்று சிலர் சொன்னார்கள். சிதம்பரம் பக்கம் பார்த்தேன் என்று ஒருவர், திருப்பதியில் பார்த்தேன் என்று ஒருவர். அன்றிலிருந்து அமுதா குங்குமத்தையும் பூவையும் விடவில்லை. தணிகாசலத்துக்கோ, அண்ணன் தண்ணீருக்குள்தான் இருக்கிறான், படையல் போடாததால் பசியோடு இருக்கிறான்.

"ஒம்பது வருசம் சார். ஒரு பிடி சோறு வெக்கல."

கரையில் அமுதா, எத்தனை கட்டு என்று கேட்டார். நாற்பது என்றார் தணிகாசலம். அமுதா என்னைப் பார்த்தார். எட்டாம் வகுப்பில் கணக்கில் பதினொரு மதிப்பெண் வாங்கியவன் நான், நாற்பதுதான் என்றேன்.

வீட்டுக்குப் போனால் மேசைமேல் இரண்டு கல்யாணப் பத்திரிகை மாதிரிகள் கிடந்தன. அமுதாவின் ஒரே மகள் கயல்விழிக்கு ஐப்பசியில் கல்யாணம். மாப்பிள்ளை வீடு மடுகரை. இரண்டு தாளும் ஒன்றுதான், ஒரு சொல் தவிர. ஒன்றில் பெண்ணின் தகப்பனார் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று இருந்தது. இன்னொன்றில் இல்லை. பாகூர் அச்சகத்துக்காரர் இரண்டையும் அடித்துக் கொடுத்து, எது என்று சொல்லுங்கள் என்று காத்திருக்கிறார். மாப்பிள்ளை வீட்டார் கெட்டவர்கள் இல்லை. ஏதோ ஒன்றைத் தெளிவாகப் போடுங்கள், எங்கள் ஜனம் மணமேடையில் தகப்பனார் எங்கே என்று கேட்கும் என்றுதான் சொன்னார்களாம். அந்தச் சொல் அச்சாகிவிட்டால் அமுதா பூவை எடுத்துவிட்டு, மகள் கல்யாணத்தில் பின்வரிசையில் உட்கார வேண்டும். தாரை வார்ப்பது தணிகாசலமும் அவர் மனைவியும். அச்சாகாவிட்டால் தணிகாசலம் இன்னும் எத்தனை வருடம் அண்ணனைப் பட்டினி போடுவது?

கடைசியில் இருவரும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்திருந்தார்கள். தண்ணீரில் போனவர்களுக்குத் தண்ணீரில் விளைந்ததைத்தான் படைக்க வேண்டும், ஏர் பட்ட அரிசி ஆகாது; அது அந்தக் குடும்பத்து வழக்கம். காயும் கடையில் வாங்கியது கூடாது, வீட்டுக் கொடியில் காய்த்ததுதான். அமாவாசை உச்சிவேளைக்கு ஏரி அரிசிச் சோறும் பரங்கிக்காய்க் குழம்பும் படைப்பது. காக்கை எடுத்தால் தேவராசு போய்விட்டார். அந்தச் சொல் அச்சாகும். எடுக்காவிட்டால் இருக்கிறார். அதன் பிறகு யாரும் யாரிடமும் இதைப் பற்றிப் பேசக் கூடாது.

இலையுதிர்காலச் சமையல் பார்க்க வந்தவன் எந்த அடுப்புக்கு முன்னால் வந்து நிற்கிறேன் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. எதற்காக என்னை வரச் சொன்னீர்கள் என்று அமுதாவிடம் கேட்டேன். வெளி ஆள் ஒருவர் பார்க்கட்டும், நாளைக்கு ஊரில் யாரும் மாற்றிப் பேச முடியாது என்றார். ஆக நான் சாட்சி. சாட்சிக்குக் கூப்பிட அவருக்குக் கிடைத்த ஆள், அரிசிப் பாக்கெட்டைத் தலைகீழாகப் பிடிக்கிறவன்.

அன்று முழுவதும் நெல்லை மாடியில் காயவைத்தோம். மீசையைக் கழிக்க வைக்கோல் தீயில் லேசாக வாட்டி, சாக்கில் போட்டுத் தேய்த்தார்கள். தீயில் காட்டும்போது மீசைகள் முறுக்கிக்கொண்டு நெளிந்தன. இரவு தணிகாசலம் வீட்டில் படுக்கை. அதைப் பற்றி எழுத எதுவுமில்லை, கதவுத் தாழ்ப்பாளை மூன்று முறை சரிபார்த்தேன் என்பதைத் தவிர.

அமாவாசை. காலை ஏழு மணி. உரலில் போட்டு அமுதா குத்தினார். மிக்ஸியில் ஒரு சுற்று விட்டால் ஆகாதா என்று கேட்டேன். அவர் உலக்கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்த பார்வையில் அந்தக் கேள்வியை நானே திரும்ப எடுத்துக்கொண்டேன். ஒரு கூடை நெல்லுக்கு ஒன்றரைப் படி அரிசி தேறியது. செங்கல் நிறம், ஊசி மாதிரி மெலிசு. கையில் அள்ளினால் பாசி வாசனை. எங்கள் கடையின் பதினான்கு வகையில் எதற்கும் அந்த வாசனை கிடையாது. நம் ஊர் அரிசியில் மண் மணக்கும், இதில் ஏரியே மணந்தது.

எட்டரைக்குப் பரங்கிக்காய். எங்கள் பக்கத்தில் முழுப் பரங்கிக்காயைப் பெண்கள் முதலில் வெட்டமாட்டார்கள். வீட்டு ஆண் ஒரு கீறல் போட்டுக் கொடுக்க வேண்டும். அதனால் அந்த வீட்டில் ஒன்பது வருடமாகப் பரங்கிக்காய் வெட்டப்படவில்லை. காய்க்கிறதையெல்லாம் அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிடுவார்களாம். கொல்லைக் கொடியிலிருந்து ஆறு கிலோ காய் ஒன்றைத் தணிகாசலம் தூக்கிவந்து வைத்து, அரிவாளை ஓங்கி ஒரே போடாகப் பிளந்தார். இரண்டு பாதியும் விழுந்தது. உள்ளே விதையெல்லாம் முளைத்திருந்தது. மூடின காய்க்குள், வெளிச்சமே படாமல், விரல் நீளத்துக்கு வெள்ளை வெள்ளையாக முளைகள். முற்றின காய்க்குள் சில நேரம் அப்படி ஆகும் என்று எனக்குத் தெரியும். பத்திரிகையிலேயே எழுதியிருக்கிறேன். கயல்விழி மட்டும் குனிந்து முளைகளை வழித்தெடுத்துக் கொடியடியிலேயே கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்தாள்.

ஒன்பதரைக்கு அடுப்பு மூட்டியதும் அமுதா வாயைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டார். எனக்கும் ஒன்று கொடுத்தார். படையல் சமைக்கிற இடத்தில் பேசக் கூடாது, எச்சில் தெறிக்கும். ருசி பார்க்கக் கூடாது. ஒரு துளி நாக்கில் பட்டாலும் அது மனுசன் சாப்பிட்ட மிச்சம், படையலாகாது, காக்கை தொடாது. இதைத் தணிகாசலம் வாசற்படியில் நின்று எனக்கு இரண்டு முறை சொன்னார்.

பேச்சில்லாத சமையலறையை நான் அதுவரை பார்த்ததில்லை. அரிசியை ஒரு மணி நேரம் ஊறவைத்து, பித்தளைப் பானையில் பொங்கவிட்டார்; கஞ்சி துரு நிறத்தில் பொங்கி வழிந்தது. இரவே ஊறிய மொச்சையை வேகவைத்தார். மல்லி, மிளகாய், மிளகு, ஒரு பிடி ஏரி அரிசி எல்லாவற்றையும் வறுத்துத் தேங்காயோடு அரைத்தார். பரங்கிக்காயைத் தோலோடு பெரிய துண்டமாகப் போட்டு, புளிக்கரைசல் விட்டு, காய் முக்கால் வேக்காட்டில் அரைத்ததைச் சேர்த்தார். வெங்காயம் பூண்டு இல்லை. வெல்லம் ஒரு துளி கிடையாது. தேவராசுக்குப் பரங்கிக்காயில் இனிப்பு ஆகாதாம். நல்லெண்ணெயில் கடுகும் வெந்தயமும் தாளித்தார். இளம் பரங்கி இலையைப் பாசிப்பருப்போடு துவட்டினார். உப்பைக் கையால் அள்ளி, ஒரு நொடி நிறுத்திப் பார்த்து, போட்டார். விறகு வேண்டும் என்று எனக்குக் கை காட்டினார்; கொல்லையிலிருந்து எடுத்துவந்து கொடுத்தேன்.

பதினொன்றேகால் இருக்கும். அமுதா தலைவாழை இலை அறுக்கக் கொல்லைக்குப் போனார். கயல்விழி தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். குழம்பு கொதித்துச் சுண்டி, ஓரத்தில் எண்ணெய் பிரிகிற நேரம். சமைக்கிறவர்களுக்குத் தெரியும், அந்த நேரத்தில் கை சும்மா இருக்காது. முப்பது வருடப் பழக்கம். என் வலது கை என் கரண்டியை எடுத்தது. இடது உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டது. துண்டு கீழே இறங்கியது. நக்கினேன்.

உப்பு அவ்வளவு சரியாக இருந்தது. கண்ணளவில் போட்டு இவ்வளவு சரியாக வருமா என்று நான் வியந்து முடித்த பிறகுதான், என்ன செய்தேன் என்பது தெரிந்தது. நாக்கில் காரம் ஏறுவதற்குள் துண்டைக் கட்டிக்கொண்டேன். திருடிய பூனைக்குத் துண்டு கட்டினால் எப்படி இருக்கும், அப்படி நின்றேன். அமுதா இலையோடு உள்ளே வந்தார். என்னையும் கரண்டியையும் பார்த்தார். பேசக் கூடாத இடமாக இருந்தது எனக்கு வசதியாகப் போயிற்று.

பன்னிரண்டு மணிக்கு மாடிச் சுவரில் இலை போட்டுப் படைத்தார்கள். சிவப்புச் சோறு, மேலே குழம்பு, பக்கத்தில் இலைத் துவட்டல். தணிகாசலம் கிழக்குப் பார்த்து நின்று "கா, கா" என்று கூப்பிட்டார். அந்த ஏரிக்கரையில் காக்கைக்குக் குறைவே கிடையாது. கிணற்றடியில் சோப்பு வைத்தால் அதையும் தூக்கிக்கொண்டு போகும் என்று கயல்விழி முந்தின நாள்தான் சொல்லியிருந்தாள். எதிர்த் தென்னைகளில் முப்பது நாற்பது உட்கார்ந்திருந்தன. ஒன்றும் கத்தவில்லை. ஒன்றும் அசையவில்லை. எல்லாம் ஏரிப்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தன.

பன்னிரண்டரை. அக்கம்பக்கத்து மாடிகளில் அவரவர் படையலைக் காக்கைகள் இறங்கித் தின்றுவிட்டுப் போயின. எங்கள் சுவரை மட்டும் சுற்றிக்கொண்டு பறந்தன. ஒரு மணிக்கு ஒன்றே ஒன்று சுவரில் வந்து இறங்கியது. இரண்டு எட்டு வைத்தது. தலையைச் சாய்த்தது. அது இலையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தது. சத்தியமாகச் சொல்கிறேன், என் வாயையே பார்த்தது. நான் உதட்டை உள்ளே மடக்கிக்கொண்டேன். எழும்பிப் போய்விட்டது.

"அண்ணா, வந்து துன்னுட்டுப் போ" என்றார் தணிகாசலம். கூப்பிடுகிற குரலில்லை அது, கெஞ்சுகிற குரல். ஒன்றரை மணிவரை நின்றார். குழம்பின் மேல் ஆடை படிந்தது. நான் இரண்டு முறை வாயைத் திறந்தேன். இரண்டு முறையும் வெயில் அதிகமாக இருக்கிறது என்று சொல்லி மூடினேன்.

பிறகு அவர் அமுதாவைத் திரும்பிப் பார்த்து, "அப்ப எங்க இக்குறான் அண்ணி?" என்று கேட்டார். அமுதா கீழே போய், மேசையிலிருந்து 'காலஞ்சென்ற' என்று இருந்த தாளை எடுத்து நான்காகக் கிழித்து அடுப்பில் போட்டார். ஒப்பந்தப்படி தணிகாசலம் அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. இலையை அப்படியே இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு கரைக்குப் போனார். நானும் பின்னால் போனேன். தண்ணீரில் விட்டார். காற்றில்லை. இலை கொஞ்ச நேரம் நின்றது, பிறகு கரையை விட்டு உள்ளே, அந்தச் சம்பு இருந்த திசையில், மெதுவாக நேராகப் போயிற்று. அடியில் மீன் இழுத்திருக்கும். தணிகாசலம் அது மறையும்வரை பார்த்துவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மூன்று நாற்பதுக்குச் சாலையோரத்தில் பேருந்துக்கு நின்றேன். அமுதாவும் வந்தார். பிழைத்த தாளை மடித்துப் பையில் வைத்திருந்தார்; பாகூர் அச்சகத்துக்குப் போகிறார். எனக்கென்று ஒரு பொட்டலத்தில் கால் படி ஏரி அரிசி தந்தார். பதினேழு கிலோமீட்டரில் என் கடை இருக்கிறது. அங்கே அரிசி என்பது மூட்டையில் வருவது, கிலோவில் போவது. யார் விதைத்தார், யார் அறுத்தார், யாருக்காகப் பொங்கப் போகிறார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. இனிமேலும் கேட்பேனா தெரியாது. கேட்டால் வியாபாரம் நடக்காது.

தூரத்தில் பேருந்து தெரிந்தது. இதற்குமேல் பொறுத்தால் வில்லியனூர் வரைக்கும் தொண்டையிலேயே நிற்கும். சொல்லிவிட்டேன். நீங்கள் இலை அறுக்கப் போனபோது குழம்பில் உப்புப் பார்த்துவிட்டேன், காக்கை வராததற்குக் காரணம் நான்தான், உங்கள் கொழுந்தனாரிடம் போய்ச் சொல்லிவிடுகிறேன், வேண்டுமானால் இன்னொரு முறை சமைக்கலாம் என்று என்னென்னவோ உளறினேன். அமுதா தலையில் இருந்த பூவைச் சரிசெய்துகொண்டு பேருந்து வருகிற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் ஒங்களுக்கு முன்னாடியே உப்புப் பாத்துட்டன்."